வெட்டுக்கோட்டுக்கு உள்ளே

முஹர்ரக், மீன் சந்தைக்குப் பின்தெரு.
தேர்தல் மாதத்தில் எங்கள் அச்சகத்துக்கு
இரவென்று ஒன்று கிடையாது.
இந்தத் தொகுதிக்கு மட்டும் ஒன்பது பேர்.
எட்டுத் தாடி, ஒரு முக்காடு என்கிறான்
பிளெக்ஸ் உருளை மாற்றும் மோனிர்.

அரபி எனக்குப் பேச வரும், படிக்க வராது.
எழுத்தெல்லாம் உருவம்தான்.
சின்னதாய் ஒரு பல்,
பல்லுக்குக் கீழே ஒரு புள்ளி:
பத்ரியா.
கணக்கு டீச்சர்.
தெருச் சாக்கடைக்கு மூன்று வருடம் மனுப் போட்டு
கடைசியில் தானே வேட்பு மனுவும் போட்டவள்.

மகள் ஹனூஃப் கூட வந்திருந்தாள்.
'பெண்களுக்கு இடஒதுக்கீடு வேண்டும்,
அதை முதல் வரியாப் போடுங்க.'
'எடுத்துடுங்க. பிச்சை கேட்ட மாதிரி இருக்கு.'
'போன தடவை பிச்சை கேட்காம
எத்தனை ஓட்டும்மா வாங்கினே?'
போட்டேன். எடுத்தேன்.
போட்டேன்.
என் சுட்டியின் நுனியில்
தாயும் மகளும் சண்டை போட்டார்கள்,
நான் சம்பளத்துக்கு நடுவில்.

'உங்க ஊரில் எப்படி?'
கழுத்தைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டுதான் சொன்னேன்:
பஞ்சாயத்தில் பாதி. சட்டமே அப்படி.
'பாதியா!'
டீச்சர் கண்ணாடியைக் கழற்றினாள்.
ஹனூஃப் மேசையைத் தட்டினாள்.
அதோடு நிறுத்தியிருக்கலாம்.

என் அண்ணி தேன்குழலிதான் தலைவி.
நாற்காலியில் அண்ணன்.
கையெழுத்து அவளுடையது, பேனா அவருடையது.
வெற்றிக்கு நன்றி சொன்ன சுவரொட்டியில்
அண்ணன் முகம் வாசற்கதவு அளவு,
அண்ணி முகம் தபால்தலை.
அதையும் இங்கே உட்கார்ந்து
இதே கணினியில் நான்தான் செய்து அனுப்பினேன்.
அண்ணன் சொன்ன அளவு.

ஹனூஃப் ஒன்றும் பேசவில்லை.
டீச்சர்தான் சிரித்தாள், என்னைப் பார்த்தல்ல.
'மஜ்லிஸ் மஜ்லிஸாய் எனக்காகப் பேசப் போகிறவன் என் தம்பி.
வாசலில் காரில் நான்.
நேற்று இரண்டு மணி நேரம், ஏசி ஓட ஓட.
உள்ளே நான் என்ன பேசினேன் என்று
அவன் வந்து சொன்னால்தான் எனக்குத் தெரியும்.'

அந்த வரி கடைசியில்
அடியில், பொடி எழுத்தில், ஓரத்தை ஒட்டி நின்றது.
இருவருக்கும் திருப்தியில்லாத இடம்.
எங்கள் கத்திக்கு ஒரு கோணல் உண்டு,
ஓரத்தில் இருப்பதைத் தின்றுவிடும்.
அவர்கள் போனபின்
யாரையும் கேட்காமல்
வெட்டுக்கோட்டுக்கு உள்ளே
இரண்டு விரற்கடை நகர்த்தி வைத்தேன்.

இருநூற்றுப் பதினொரு ஓட்டு.
பில்லை மட்டும் ஒன்பது பேரில்
அவள் ஒருத்திதான் அன்றே கட்டினாள்.
சில்லறையை எண்ணி வாங்கிக்கொண்டு
'கோப்பை அழிச்சுடாதீங்க,
நாலு வருஷம் கழிச்சு வருவேன்,
வருஷத்தை மட்டும் மாத்தினாப் போதும்' என்றாள்.
'முதல் வரியையும்' என்றாள் ஹனூஃப்
கதவைத் தள்ளியபடி.

அதே வாரம் அண்ணன் கூப்பிட்டார்.
குடிநீர்த் தொட்டித் திறப்பு விழா,
இரண்டடிக்கு மூன்றடி, பழைய மாதிரியே.
அண்ணி படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன்.
அட்டையிலிருந்து சுரண்டிய படம்,
கட்டம் கட்டமாய் உடைந்தது முகம்.
பன்னிரண்டு வருடத்தில் முதல் தடவையாக
அவள் எண்ணுக்கே போட்டேன்.

'அண்ணி, உங்க முகத்தைப் பெரிசா
ஒண்ணு எடுத்து அனுப்புங்க.'
'எதுக்குடி?'
'கதவளவு வேணும்.'
கொஞ்ச நேரம் கரண்டிச் சத்தம்.
'அவரு வரட்டும், கேட்டுட்டு...'
சரி என்று வைத்துவிட்டேன்.

ராத்திரி இரண்டரை.
மோனிர் உருளைமேல் தலைவைத்துத் தூங்குகிறான்.
அங்கே இப்போது ஐந்து மணி.
கைபேசி ஒருமுறை அதிர்ந்தது.
படம்.
கொஞ்சம் சாய்ந்து, ஒரு மூலையில் கட்டைவிரல் மறைத்து,
சமையலறை விளக்கில்
தானே எடுத்தது.
செய்தி எதுவும் எழுதவில்லை.

பெரிதாக்கினேன்.
இன்னும் பெரிதாக்கினேன்.
தாங்குகிறது.